மூணு வயசுப் பிள்ளை பையில ஒர்க்‌ஷீட் வேணாம், ஒரு கதைப்புத்தகம் வையுங்க: மழலையர் பள்ளி நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இந்த மடலை மழலையர் பள்ளியும் பிளே ஸ்கூலும் நடத்துறவங்களுக்கும், அங்க காலையில இருந்து பிள்ளைங்க பின்னாடியே ஓடுற டீச்சர்களுக்கும் எழுதுறேன். நான் டீச்சர் இல்ல, இந்தத் துறை படிச்சவளும் இல்ல. ரெண்டு பிள்ளைங்களோட அம்மா. பெரியவனுக்கு எட்டு வயசு, சின்னவளுக்கு நாலு ஆகப்போகுது. அவனை வளர்க்கும்போது தெரியாம செஞ்சதும் இவளை வளர்க்கும்போது தெரிஞ்சுக்கிட்டதும் மனசுல அப்படியே கிடக்கு, அதுல இருந்துதான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பிள்ளைக்கு ஆறு வயசு ஆகுற வரைக்கும் வீட்டுக்கு ஒர்க்‌ஷீட் அனுப்பாதீங்க. அதுக்குப் பதிலா வாரத்துக்கு ஒரு கதைப்புத்தகம் அனுப்புங்க, கூடவே வீட்டுல விளையாட ஒரு விளையாட்டை துண்டுச்சீட்டுல எழுதி வச்சு அனுப்புங்க.

ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

பெரியவன் மூணரை வயசுல ஒரு பள்ளிக்குப் போனான். எந்தப் பள்ளின்னு சொல்லப்போறதில்ல, அவங்களைக் குத்திக்காட்ட இதை எழுதல. தினமும் பையில ஒரு தாள் வரும். புள்ளி வச்ச 'அ', வரிக்கு அஞ்சு, எட்டு வரி, ஆக நாப்பது. சாயங்காலம் நான் வேலை முடிஞ்சு வந்ததும் அவனைத் தரையில உக்கார வச்சு அந்தத் தாளை விரிப்பேன். அவன் பென்சிலை முழுக் கையால முறுக்கிப் பிடிப்பான், நாம உலக்கையைப் பிடிக்கிற மாதிரி. தோள்ல இருந்து மொத்தக் கையும் அசையும், விரல் அசையாது. சுழி போட்டு, வயிறு வளைச்சு, குறுக்க ஒரு கோடு இழுத்து, கடைசியா நேரா ஒரு கோடு போடணும், மூணரை வயசுல நாலு தடவை கையைத் திருப்பணும். முதல் வரி ஒருமாதிரி வந்துடும். ரெண்டாவது வரியில வயிறு புள்ளியை விட்டு வெளிய போயிடும், மூணாவது வரியில பென்சில் முனை உடையும், நான் சீவிக் குடுப்பேன், நாலாவது வரியில எழுத்தே திரும்பிக்கும், கண்ணாடியில பார்க்குற மாதிரி. நான் ரப்பரை எடுத்து அழிப்பேன். அழிச்சு அழிச்சு அந்த இடத்துல தாள் மெலிஞ்சு ஒருநாள் கிழிஞ்சே போச்சு. அன்னைக்கு அவன் அழல. கிழிஞ்ச இடத்துல விரலை வச்சுக்கிட்டு "அம்மா, எனக்கு எழுதத் தெரியாதா?"ன்னு கேட்டான். அந்தக் கேள்வி இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஆறல.

அதுக்கு அப்புறம்தான் நான் தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். பெரியவங்க மணிக்கட்டுல 8 சின்னச் சின்ன எலும்பு இருக்கு, குழந்தை பிறக்கும்போது அதெல்லாம் வெறும் குருத்தெலும்பு, ஒவ்வொண்ணா இறுகி எலும்பாகி முடியறதுக்கு பத்து வயசு தாண்டிடும். எலும்பு மட்டுமே காரணம்னு நான் சொல்லல, விரல்ல இருக்குற சின்னத் தசைங்க பலப்படணும், கண்ணும் கையும் ஒண்ணா வேலை செய்யப் பழகணும், தோளும் முழங்கையும் முதல்ல நிலையா நிக்கணும், இதெல்லாம் ஏறுறதுல, தொங்குறதுல, பிசையுறதுல, கிழிச்சு ஒட்டுறதுல, மூடி திறந்து மூடுறதுல வர்ற பலம். பென்சில் பிடிக்கிறது இதுக்கெல்லாம் அப்புறமா வர்ற வேலை. நாம கடைசியா செய்ய வேண்டியதை முதல்ல செய்யச் சொல்லிட்டு அவனால முடியலன்னு ரப்பர் எடுக்குறோம்.

எழுத்து திரும்பிக்குதுன்னு சொன்னேன் இல்லையா, அதுவும் குறை இல்ல. ஒரு கரண்டியை இடது பக்கம் திருப்பி வச்சாலும் அது கரண்டிதான், வலது பக்கம் திருப்பினாலும் கரண்டிதான். பிறந்ததுல இருந்து குழந்தை மூளை அப்படித்தான் பொருளைப் பார்த்துப் பழகியிருக்கு, எந்தப் பக்கம் பார்த்தாலும் அது அதேதான்னு. திடீர்னு எழுத்துன்னு ஒண்ணு வருது, அது மட்டும் திரும்பினா தப்புன்னு சொல்றோம். அதைப் பழக மூளைக்கு நேரம் வேணும், ஆறு ஏழு வயசு வரைக்கும் நிறையப் பிள்ளைங்க அப்படி எழுதுறது சாதாரணம். இது தெரியாம அவன் கையில நான் எத்தனை தடவை தட்டியிருக்கேன்னு நினைச்சா மனசு வலிக்குது.

நம்ம மொழியில இன்னொரு சிக்கலும் இருக்கு, அதை டீச்சர்கள் நீங்க என்னைவிட நல்லா அறிவீங்க. மொத்தம் 247 எழுத்து. அதுல 'கொ'ன்னு ஒரு எழுத்தை எடுத்துக்கோங்க, தாள்ல முதல்ல நிக்கிறது கொம்பு, அப்புறம் 'க', அதுக்கு அப்புறம் கால். ஆனா வாயில முதல்ல வர்றது 'க்'தானே, 'ஒ' பின்னாடிதான் வருது. கண்ணு ஒரு வரிசையில பார்க்குது, காது வேற வரிசையில கேக்குது. இதைப் புரிஞ்சுக்கணும்னா பிள்ளைக்கு முதல்ல காது பழகணும், சத்தத்தைப் பிரிச்சுக் கேக்கத் தெரியணும். அந்தக் காதை எந்த ஒர்க்‌ஷீட்டும் பழக்காது. கதை கேட்டுக் கேட்டு, பாட்டு பாடிப் பாடி, எதுகையா சொல்லைக் கோத்து விளையாடித்தான் அது வரும். பட்டம், கட்டம், வட்டம்னு நான் ஆரம்பிச்சா சின்னவ மட்டம், சட்டம்னு போவா, அப்புறம் லட்டம், ஙட்டம்னு அர்த்தமே இல்லாம ஒண்ணு ஒண்ணா வரும், அந்த அர்த்தமில்லாத சொல்லு வரும்போதுதான் எனக்குச் சந்தோஷமா இருக்கும், ஏன்னா அவ அர்த்தத்தை விட்டுட்டு சத்தத்தை மட்டும் தனியாப் பிடிச்சுட்டான்னு அர்த்தம். துணி மடிக்கும்போது நடக்குற விளையாட்டு இது, காசு இல்ல, தாள் இல்ல.

புத்தகத்துக்கு வர்றேன். நிறைய பேர் படிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்குத்தான் புத்தகம்னு நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைச்சேன். 1986-ல ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, கர்ப்பமா இருந்த அம்மாக்கள் கடைசி ஆறு வாரம் தினமும் ஒரே கதையைச் சத்தமாப் படிச்சாங்க, குழந்தை பிறந்து சில நாள்லயே அந்தக் கதையையும் வேற கதையையும் கேக்க வச்சுப் பார்த்தா, வயித்துல இருக்கும்போது கேட்ட கதையைத்தான் விரும்பிக் கேட்டுச்சு. அப்போ எழுத்துத் தெரியறதுக்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்? 2014-ல அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பிறந்த கொஞ்ச நாள்லயே சத்தமா வாசிச்சுக் காட்ட ஆரம்பிங்கன்னு பெற்றோருக்குச் சொல்லணும்னு தன்னோட டாக்டர்களுக்கு எழுதிக் குடுத்துச்சு. பாஸ்டன்ல 1989-லயே சில டாக்டர்கள் கிளினிக்குக்கு வர்ற குழந்தைக்கு மருந்துச்சீட்டோட ஒரு புத்தகத்தையும் குடுத்து அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. பிரிட்டன்ல பர்மிங்ஹாம்ல 1992-ல 300 குழந்தைங்க வீட்டுக்கு இலவசமாப் புத்தகம் குடுத்து ஒரு திட்டம் தொடங்கினாங்க, அது அப்புறம் நாடு முழுக்கப் போச்சு. டாக்டர் பையில வச்சுக் குடுக்கும்போது, பிள்ளைங்களை தினம் பார்க்குற நீங்க வச்சுக் குடுத்தா எவ்வளவு தூரம் போகும்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா புத்தகத்தை அனுப்பினா மட்டும் போதாது, எப்படி வாசிக்கணும்னு வீட்டுக்கு ஒரு வரி சொல்லி அனுப்புங்க. பெரியவனுக்கு நான் ஆரம்பத்துல வாசிச்ச விதம் எப்படின்னா, அவன் வாயைத் திறந்தாலே "இரு, முடிக்கிறேன்"னு சொல்லிட்டு கடகடன்னு கடைசிப் பக்கத்துக்குப் போயிடுவேன். கதை முடியும், அவன் எழுந்து போயிடுவான். 1988-ல வைட்ஹர்ஸ்ட்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவர்கூட இருந்தவங்களும் ஒரு சின்ன சோதனை செஞ்சாங்க. ரெண்டு ரெண்டரை வயசுப் பிள்ளைங்களோட பெற்றோருக்கு, நீங்க வாசிக்கிறதைக் குறைச்சுட்டு பிள்ளையைப் பேச விடுங்க, "இது என்ன? இவன் ஏன் அழுவுறான்? அடுத்து என்ன ஆகும்?"னு கேளுங்க, பிள்ளை ஒரு சொல்லு சொன்னா அதை இன்னும் ரெண்டு சொல்லு சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கன்னு பழக்கிவிட்டாங்க. ஒரே மாசத்துல அந்தப் பிள்ளைங்க, வழக்கம்போல வாசிச்சுக் காட்டின வீட்டுப் பிள்ளைங்களைவிட பேச்சுல பல மாசம் முன்னாடி போயிட்டாங்க. அதே புத்தகம், அதே வீடு, மாறினது பேசுறது யாருங்கிறது மட்டும்தான்.

சின்னவகிட்ட ஒரு புத்தகம் இருக்கு, ஒரு நாய்க்குட்டி மழையில நனைஞ்சு வீடு தேடிப் போற படம். கடைசிப் பக்கத்துல ஒரு கதவு பாதி திறந்திருக்கும், உள்ள மஞ்சள் வெளிச்சம். அவ்வளவுதான் படம், யாரும் இருக்க மாட்டாங்க. "கதவை யாரு திறந்தா?"ன்னு ஒருநாள் கேட்டேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துட்டு இருந்தா. அப்புறம், "அதோட அம்மாவுக்குத் தூக்கம் வரல, அதான் திறந்து வச்சிருக்கா"ன்னா. புத்தகத்துல அம்மா நாய்னு ஒண்ணு வரவே இல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒருத்தியை, அவளுக்குத் தூக்கம் வராததை, அதனால அவ செஞ்ச ஒரு காரியத்தை மூணே முக்கால் வயசுல அவளே கட்டிக் குடுத்துட்டா. இதுக்கு எந்தத் தாள்ல மார்க் போடுவீங்க?

அந்த நாய்க்குட்டி புத்தகத்தை நாங்க எத்தனை தடவை வாசிச்சிருக்கோம்னு கணக்கே இல்ல. திரும்பத் திரும்ப அதையே கேப்பா. முன்னாடியெல்லாம் எனக்கு அலுப்பா இருக்கும், வேற புத்தகம் எடுன்னு சொல்லுவேன். அதுவும் தப்புன்னு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. 2011-ல இங்கிலாந்துல இருக்குற சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல மூணு வயசுப் பிள்ளைங்களை வச்சுப் பார்த்திருக்காங்க, ஒரு குழுவுக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்ப, இன்னொரு குழுவுக்கு வேற வேற கதை, ரெண்டு பக்கமும் புதுச் சொல்லு வர்ற எண்ணிக்கை ஒண்ணுதான். ஒரே கதையைத் திரும்பக் கேட்ட பிள்ளைங்கதான் அந்தச் சொல்லை நல்லா நினைவுல வச்சிருந்தாங்க. முதல் தடவை கதையில என்ன நடக்குதுன்னு பிடிக்கவே பிள்ளைக்குச் சரியாப் போயிடும், நாலாவது அஞ்சாவது தடவைதான் சொல்லு காதுல விழும். அதனாலதான் வாரத்துக்கு ஒரு புத்தகம்னு கேட்டேன், தினம் ஒண்ணு வேணாம், அதே புத்தகம் ஏழு நாள் வீட்டுல கிடக்கட்டும்.

கிழிஞ்சிடுமேன்னு நீங்க யோசிப்பீங்க, தெரியும். கண்ணாடி அலமாரியில பூட்டி வச்ச புத்தகங்களைப் பள்ளியைச் சுத்திக் காட்டும்போது நான் பார்த்திருக்கேன், முதுகு எல்லாம் புதுசா பளபளன்னு இருந்துச்சு. அதைப் பார்த்துப் பெருமைப்படாதீங்கன்னு அன்பாத்தான் சொல்றேன். புத்தகம் கிழியும், மூலையைக் கடிப்பாங்க, தண்ணி கொட்டும். எங்க வீட்டுல கிழிஞ்சா ஒட்டுற வேலையை அவளே செய்வா, டேப்பை நான் பல்லால கடிச்சுக் குடுப்பேன், அவ ரெண்டு ஓரத்தையும் நேரா சேர்த்துப் பிடிப்பா. நாய்க்குட்டியோட ஒரு காது கொஞ்சம் தள்ளித்தான் ஒட்டியிருக்கு. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் "இது நான் ஒட்டினது"ன்னு தொட்டுக் காட்டுவா. சின்னதுங்களுக்கு அட்டைப் பக்கம் வச்ச புத்தகமா வாங்குங்க, கொஞ்சம் தாங்கும். கிழிஞ்சா அபராதம்னு மட்டும் எழுதிடாதீங்க, எழுதினீங்கன்னா அது எங்க வீட்டு பீரோவுக்குள்ளயும் போய் உக்காந்துக்கும்.

இன்னொண்ணு. எல்லா வீட்டுலயும் வாசிக்கத் தெரிஞ்ச ஆள் இருக்க மாட்டாங்க. அவங்களை விட்டுடாதீங்க. எழுத்தே இல்லாத படப்புத்தகம் நிறைய இருக்கு, அதுல சிலதைக் கட்டாயம் வச்சுக்கோங்க. படத்தைப் பார்த்து ஒரு பாட்டி அவங்க வாயில வர்ற மொழியில கதை சொன்னா அது முழுசான வாசிப்புதான், குறைஞ்சது கிடையாது. வீட்டுல இங்கிலீஷ்ல பேசுங்க, இங்கிலீஷ்ல கதை சொல்லுங்கன்னு தயவுசெஞ்சு அறிவுரை சொல்லாதீங்க. தடுமாறித் தடுமாறி பத்து சொல்லு பேசுற அம்மாவைவிட சொந்த மொழியில சரளமா நூறு சொல்லு பேசி, கோவப்பட்டு, கொஞ்சி, சிரிக்க வைக்கிற அம்மாகிட்டதான் பிள்ளை மொழி கத்துக்கும். பிள்ளைக்குக் கல்வி தொடங்க அதோட தாய்மொழிதான் சிறந்ததுன்னு யுனெஸ்கோ 1953-லயே அறிக்கை குடுத்துடுச்சு.

போன்ல எவ்வளவோ கதை வீடியோ இருக்கே, லிங்க் அனுப்பினா போதாதான்னும் சில பள்ளிங்க நினைக்குது. போதாது. 2003-ல பட்ரீசியா குல்னு ஒரு விஞ்ஞானி ஒம்பது மாசக் குழந்தைங்களை வச்சுச் செஞ்ச சோதனையைப் படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. இங்கிலீஷ் மட்டுமே கேட்டு வளர்ற குழந்தைங்க முன்னாடி ஒரு ஆள் உக்காந்து சீன மொழியில கதை வாசிச்சு விளையாடினாங்க, 12 தடவை. குழந்தைங்க அந்த மொழியோட ஒலியைப் பிரிச்சறியக் கத்துக்கிச்சு. இன்னொரு குழுவுக்கு அதே ஆள், அதே பேச்சு, ஆனா டிவியில. ஒண்ணுமே கத்துக்கல. குழந்தைக்கு எதிர்ல ஒரு முகம் வேணும், அது பார்த்தா பார்க்கணும், கையை நீட்டினா திரும்ப ஏதாவது சொல்லணும். 2019-ல உலக சுகாதார நிறுவனமும் ரெண்டு வயசுக்கு முன்னாடி திரையே வேணாம், ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம்னு சொல்லிடுச்சு. நானும் வேலை நேரத்துல போன் குடுத்தவதான், குடுக்குற அம்மாக்களைத் திட்டுறதுக்கு எனக்கு மனசு வரல. ஆனா பள்ளியே அதை ஹோம்வொர்க்கா அனுப்பக்கூடாது.

இப்போ விளையாட்டு. இதுலதான் எனக்கும் பள்ளிக்கும் பெரிய வாக்குவாதம் நடந்துச்சு.

பெரியவன் நாலு வயசுல ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் ஒரே மூச்சுல சொல்லுவான். விழாவுல மேடையில சொல்லிக் கைதட்டு வாங்கினான், நானும் போன்ல பிடிச்சு சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பினேன். ஒருநாள் வீட்டுல தண்ணி பாட்டில் மூடிங்க ஒரு டப்பா நிறைய கிடந்துச்சு. "அஞ்சு மூடி எடுத்துட்டு வா"ன்னு சொன்னேன். ரெண்டு கையும் நிறைய அள்ளிட்டு வந்தான். "அஞ்சுதான்பா"ன்னேன். எல்லாத்தையும் கீழ வச்சுட்டு இன்னொரு கைப்பிடி அள்ளிட்டு வந்தான். நூறு வரைக்கும் சொன்ன பிள்ளைக்கு அஞ்சுன்னா எவ்வளவுன்னு தெரியல. எனக்குப் பயமே வந்துடுச்சு. அப்புறம் பார்த்தா அது அந்த வயசுக்குச் சாதாரணம்தான், எண்ணைப் பாட்டு மாதிரி ஒப்பிக்கிறது வேற, கடைசியா சொன்ன எண்தான் மொத்தக் கணக்குன்னு புரியறது வேற. ஒண்ணு புரியும், மாசக்கணக்குல கழிச்சு ரெண்டு புரியும், அப்புறம் மூணு, அப்புறம் திடீர்னு ஒருநாள் மொத்தமும் விளங்கிடும். 1990-ல கேரன் வின்னுங்கிற ஆராய்ச்சியாளர் இதே மாதிரி "எனக்கு மூணு குடு"ன்னு கேட்டுத்தான் இதைக் கண்டுபிடிச்சாங்க. ஆனா இது நூறு வரைக்கும் ஒப்பிக்க வைக்கிறதால வராது, மூடியை அடுக்கி, பிரிச்சு, "எனக்கு ரெண்டு, உனக்கு ரெண்டு"ன்னு பங்கு வச்சு, படி ஏறும்போது எண்ணித்தான் வரும்.

2008-ல சீக்ளர், ரமணின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைவிட எளிமையா ஒண்ணு செஞ்சு பார்த்தாங்க. ஒரே நேர்கோட்டுல 1-ல இருந்து 10 வரைக்கும் கட்டம் போட்டு, காயை நகர்த்தி, நகர்த்தும்போது அந்தக் கட்டத்துல இருக்குற எண்ணைச் சத்தமா சொல்லி விளையாடணும். ரெண்டு வாரத்துல நாலு தடவை, ஒவ்வொண்ணும் 15 நிமிஷம், மொத்தம் ஒரு மணி நேரம். அவ்வளவுலயே வசதி குறைஞ்ச வீட்டுப் பிள்ளைங்களோட எண்ணறிவு நல்லா ஏறிடுச்சு. அதே பலகையில எண்ணுக்குப் பதிலா கலர் வச்சு விளையாடின பிள்ளைங்களுக்கு அந்த முன்னேற்றம் இல்ல. ஒரு பழைய அட்டை, ஒரு ஸ்கெட்ச் பென், ரெண்டு மூடி போதும் இதுக்கு. இதைத்தான் துண்டுச்சீட்டுல எழுதி அனுப்புங்கன்னு சொல்றேன். (மூணு வயசுக்கு உள்ள இருக்குற பிள்ளைக்குச் சின்னச் சாமான் குடுக்கவே கூடாதுன்னும் அதுலயே எழுதுங்க. டிஷ்யூ ரோல் தீர்ந்ததும் நடுவுல ஒரு அட்டைக்குழல் மிஞ்சும் இல்லையா, அதுக்குள்ள நுழையுற எதுவும் தொண்டையில அடைக்கலாம். பொத்தான் மாதிரி இருக்குற சின்ன பேட்டரி இன்னும் ஆபத்து, அது இருக்குற பொம்மையையே எட்டாத இடத்துல வைக்கணும்.)

குளிக்கிற நேரத்துல சின்னவ ஒரு குட்டையான அகல டம்ளர்ல இருந்து ஒல்லியான உயர டம்ளருக்கு தண்ணியை ஊத்துவா. ஊத்திட்டு "அம்மா, நிறைய ஆயிடுச்சு"ம்பா. திரும்ப அகல டம்ளர்ல ஊத்துவா, "குறைஞ்சிடுச்சு"ம்பா. அதே தண்ணிதான்னு நான் விளக்கம் சொல்லப்போனதே இல்ல. குழந்தைங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு ஆராய்ஞ்ச பியாஜே இதைத்தான் எழுதி வச்சார், ஏழு வயசுகிட்ட வர்ற வரைக்கும் பிள்ளைக்கு உயரம்தான் அளவு. ஊத்தி ஊத்திப் பார்த்து ஒருநாள் அவளே கண்டுபிடிப்பா, அந்த நாளை அவகிட்ட இருந்து நான் பிடுங்கிக்க மாட்டேன்.

ஒரு குச்சியைக் கால் இடுக்குல வச்சுக்கிட்டுக் குதிரைன்னு ஓடுற பிள்ளையை நாம பார்த்திருக்கோம், பார்த்துட்டு நேரத்தை வீணடிக்குதுன்னு கூப்பிட்டு உக்கார வச்சிருக்கோம். வைகோட்ஸ்கிங்கிற உளவியல் அறிஞர் அந்தக் குச்சியைப் பத்திச் சொன்னது என்னன்னா, பொருள் வேற, அதோட அர்த்தம் வேறன்னு பிள்ளை முதல் தடவையாப் பிரிக்கிற இடமே அதுதான். குச்சி குதிரைக்குப் பதிலா நிக்குது. நாளைக்கு ஒரு வளைஞ்ச கோடு 'அ'ங்கிற சத்தத்துக்குப் பதிலா நிக்கப்போகுது. ரெண்டும் ஒரே வேலைதானே? எழுத்துக்குப் போற வழியே அந்தக் குச்சி மேல ஏறித்தான் போகுது, நாம அவனைக் கீழ இறக்கி உக்கார வச்சு எழுது எழுதுன்னு சொல்றோம்.

நீங்க நடத்துற மாதிரிப் பள்ளிக்கு 'கிண்டர்கார்டன்'னு பேர் வச்சவரு ஃப்ரோபெல்ங்கிற ஜெர்மன் கல்வியாளர். 1840-ல அவரு அப்படிப் பேர் வச்சப்போ அதுக்கு அர்த்தம் குழந்தைங்க தோட்டம்னுதான். மரக்கட்டை, பந்து, பாட்டு, செடி இதுதான் அவரு குடுத்த பாடம். 1907-ல ரோம்ல மரியா மாண்டிசோரி ஏழைப் பிள்ளைங்களுக்கு முதல் பள்ளியைத் தொடங்கினப்போ எழுத்தை உப்புத்தாள்ல வெட்டி அட்டையில ஒட்டிக் குடுத்தாங்க, பென்சில் இல்லாம வெறும் விரலால தடவித் தடவி எழுத்தோட வடிவத்தை உணர்றதுக்கு. ஃபின்லாந்துல இன்னைக்கும் ஏழு வயசு ஆகுற வருஷம்தான் பள்ளிப் படிப்பு தொடங்குது. நியூசிலாந்துல ஒரு ஆராய்ச்சியில அஞ்சு வயசுல வாசிக்கச் சொல்லிக் குடுத்த பிள்ளைங்களையும் ஏழு வயசுல ஆரம்பிச்ச பிள்ளைங்களையும் ஒப்பிட்டாங்க, 11 வயசு ஆகும்போது வாசிக்கிறதுல ரெண்டு பேருக்கும் வித்தியாசம் இல்ல. அப்போ அந்த ரெண்டு வருஷம் அழுது எழுதினது எதுக்கு?

உங்க பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். "பெற்றோர்தான் கேக்குறாங்க மேடம், ஹோம்வொர்க் குடுக்கலன்னா பக்கத்துப் பள்ளிக்கு மாத்திடுறாங்க"ன்னு ஒரு டீச்சர் என்கிட்ட நேராவே சொன்னாங்க, சொல்லும்போது அவங்க கண்ணு கலங்குச்சு. உண்மைதான். பெரியவனைச் சேர்த்த புதுசுல ரெண்டு நாள் தாள் வரலன்னதும் வாசல்ல நின்னு "என்ன சொல்லிக் குடுக்குறீங்க?"ன்னு கேட்டவள்ல நானும் ஒருத்தி. கையில பிடிச்சுப் பார்க்க ஏதாவது ஒண்ணு வேணும்னு எங்களுக்கு இருக்கு, அந்தத் தாள்தான் எங்களுக்கு ரசீது மாதிரி. அதனாலதான் தாளை நிறுத்துங்கன்னு மட்டும் கேக்காம அந்த இடத்துல புத்தகத்தையும் துண்டுச்சீட்டையும் வையுங்கன்னு கேக்குறேன். எங்களுக்கும் கையில ஏதோ வந்துடும், பிள்ளைக்கும் மடி கிடைக்கும். பெற்றோர் கூட்டத்துல ஒரு டீச்சர் அஞ்சு நிமிஷம் எங்க முன்னாடி ஒரு புத்தகத்தைப் பிள்ளையோட வாசிச்சுக் காட்டினீங்கன்னாலே போதும், எங்கள்ல பாதிப் பேருக்கு யாருமே அப்படி வாசிச்சுக் காட்டினது இல்ல, எப்படி இருக்கும்னே தெரியாது. வீட்டுல எங்ககிட்ட இருந்து பிள்ளைக்கு வேணுங்கிறது பத்து நிமிஷம், பதினஞ்சு நிமிஷம். ரெண்டு வேலை பார்க்குற அப்பாவாலயும் முடியும், ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி.

துண்டுச்சீட்டுல பெருசா எதுவும் வேணாம். "இந்த வாரம் வீட்டுல இருக்குற சாக்ஸை எல்லாம் குவிச்சுப் போட்டு ஜோடி சேருங்க." "மேசைக்கு அடியில துணி போட்டு வீடு கட்டுங்க." "'ம'வுல ஆரம்பிக்கிற சாமான் வீட்டுல எங்கெங்க இருக்குன்னு தேடுங்க." இவ்வளவுதான். கீழ பெற்றோர் கையெழுத்துன்னு கோடு போடாதீங்க, அதுக்குப் பதிலா பிள்ளை என்ன சொல்லுச்சுன்னு எழுத ரெண்டு வரி இடம் விடுங்க. நான் சொன்ன நாய்க்குட்டி கதை மாதிரி உங்க பையில என்னென்ன வந்து விழும்னு பாருங்க, ஒரு பிள்ளையைப் பத்தி எந்தப் பரிட்சையும் சொல்லாததை அந்த ரெண்டு வரி சொல்லும்.

1989-ல ஐக்கிய நாடுகள் சபை எழுதின குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்துல 31-ஆவது பிரிவு, விளையாடுறது குழந்தையோட உரிமைன்னு சொல்லுது. உங்க பள்ளிச் சுவர்ல அதை எழுதி மாட்டணும்னு நான் கேக்கல. சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க வீட்டுத் தரையில அது நடக்கட்டும்னு கேக்குறேன்.

பெரியவன் இப்போ நல்லாவே எழுதுறான், வாசிக்கிறான். ஆனா வெள்ளைத்தாளைப் பார்த்தா இன்னும் ஒரு நிமிஷம் தயங்கறான், எழுதறதுக்கு முன்னாடி ரப்பரைப் பக்கத்துல எடுத்து வச்சுக்கிட்டுதான் ஆரம்பிக்கிறான். சின்னவ ரெண்டு மாசத்துல உங்கள்ல ஒருத்தர் பள்ளியில சேரப்போறா. வீட்டுல பெரியவன் வாசிச்சு முடிச்ச புத்தகம் இருபத்தி மூணு இருக்கு, அட்டை எல்லாம் போட்டு, கிழிஞ்சதை ஒட்டி வச்சிருக்கேன். முதல் பைக்கு அதை எடுத்துக்கோங்க. எந்த நாள் கொண்டு வந்து யாருகிட்ட குடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க.

இப்படிக்கு,
ரெண்டு பிள்ளைங்களோட அம்மா